பக்கத்து வீட்டு மகரந்தம்

சிவப்புப் பிடி போட்ட கவாத்துக் கத்தரி ஒன்று போன வாரச் சனிக்கிழமையிலிருந்து என் சாப்பாட்டு மேசைமேல் கிடக்கிறது. தட்டு வைக்கும்போது தள்ளிவைக்கிறேன், சாப்பிட்டு முடித்ததும் பழைய இடத்துக்கே இழுத்துவிடுகிறேன். எடுத்து அலமாரிக்குள் போட்டுவிட்டால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டதாக ஆகிவிடும் என்று அப்படியே விட்டிருக்கிறேன். இடப்பக்கப் பிடி வெடித்த இடத்தில் வெள்ளை பிளாஸ்டர் சுற்றியிருக்கிறது. சுற்றியது நான், கத்தரி என்னுடையதல்ல. அது அக்காவுடையது. அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. தோ பாயோ பேட்டையில் எங்கள் பழைய அடுக்குமாடி புளோக்கில் அடுத்த கதவு. என்னைவிட ஒரு பத்து வயது மூத்தவர். அந்தச் சனிக்கிழமை காலை அவர்தான் ஃபோன் செய்தார். நலம் விசாரித்தார், முழங்கால் வலியைச் சொன்னார், மருமகளின் சமையலைக் கொஞ்சம் குறை சொன்னார், அப்புறம் மெதுவாக விஷயத்துக்கு வந்தார். "பிள்ளை, உம்மட கொடியில ஒரு தண்டு வெட்டித் தாருமன். இங்க நிண்டது பட்டுப்போச்சு. நாளைக்கில்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேர்ச் முடிய மகனோட வந்து எடுக்கிறன்." நான் "பாக்கறேன்க்கா" என்றேன். ஃபோனை வைத்ததும் போய்க் கத்தரியை எடுத்துவந்து மேசைமேல் போட்டேன். கோபத்தில்தான், வேறு எதிலும் இல்லை.

அந்தப் பேஷன் ஃப்ரூட் கொடிக்கு எங்கள் இரண்டு வீட்டுக்குள்ளேயே மூன்று பெயர். மலாய்க்காரத் தோழி ஒருத்தி சொல்லக் கேட்டு நான் மார்க்கிசா என்பேன். அக்காவின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து அந்தக் காலத்தில் குமாஸ்தா வேலைக்கு வந்து இங்கேயே வேர்பிடித்த குடும்பம்; அவருக்கு அது கொடித்தோடை. என் அம்மாவுக்கு அது பஞ்சபாண்டவர் பூ. வட்டமாக விரிந்து நிற்கும் ஊதா இழைகள் நூறு கௌரவர்கள், நடுவில் தலைகுனிந்து நிற்கும் மஞ்சள் மகரந்தப் பைகள் ஐந்தும் பாண்டவர்கள் என்று யார் வந்தாலும் பூவைப் பிடித்துக் காட்டுவார். அக்கா கிறிஸ்தவர். அவரிடம் வேறு கணக்கு இருந்தது. "இதழை எண்ணிப் பாரும், பத்துத்தான் இருக்கும். சீடர்மார் பன்னிரண்டு பேர். ரெண்டு பேருக்கு இதில இடமில்லை" என்பார். யார் அந்த இரண்டு பேர் என்று நான் கேட்டேன். "ஒருத்தன் காட்டிக்கொடுத்தவன். மற்றவன், எனக்கு இவரைத் தெரியாதெண்டு சொன்னவன்." அம்மா உடனே, "எங்க கதையில துரோகம் செஞ்சவனுக்கும் பூவுல இடம் இருக்கும்மா" என்று மடக்கினார். மூன்று பேரும் சிரித்தோம். சிரிக்கிற விஷயமாகத்தான் அப்போது இருந்தது.

என் கொடி நான் வேலை பார்த்த பள்ளி அலுவலகத்தில் ஒரு தோழி கொடுத்தது. தண்டு செம்பழுப்பு நிறத்தில் இருக்கும், சுருள்நுனிகூடச் சிவந்திருக்கும். அக்காவுடையது அவருடைய தேவாலயத் தோட்டத்திலிருந்து வந்தது, முழுக்கப் பச்சை. இரண்டையும் தாழ்வாரக் கம்பியில் நைலான் கயிறு கட்டி ஏற்றிவிட்டோம். கொடி என்றால் அப்படி ஒரு கொடி. எதிர் புளோக்கிலிருந்து பார்த்தால் எங்கள் இரண்டு வீடும் பச்சைத் திரை போட்ட ஒரே வீடாகத் தெரியும். மதியத்துக்கு மேல் பூக்கள் விரியும், இருட்டத் தொடங்கியதும் மூடிக்கொள்ளும், மறுநாள் காம்போடு உதிர்ந்துவிடும். காய் என்ற பேச்சே இல்லை. உரம் போட்டோம், மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினோம், திட்டிக்கூடப் பார்த்தோம். ஒரு நாள் பொழுது போகாமல் காது குடையும் பஞ்சுக்குச்சியை எடுத்து அக்காவின் பூவில் ஒற்றி என் பூவில் தடவினேன், என்னுடையதை அவருடையதில் தடவினேன். அந்த இரண்டு பூவும் உதிரவில்லை. பட்டாணி அளவுக்குப் பச்சையாக அடியில் திரண்டு நின்றதைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் அக்கா கையில் கரண்டியோடு ஓடிவந்தார். பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். மஞ்சள் பழம் பழுக்கிற அந்த வகைக்குத் தன் மகரந்தம் தனக்கு ஆகாது. பக்கத்தில் இன்னொரு கொடி, வேறு வேரில் வந்தது, இருந்தே ஆகவேண்டும்.

அன்றிலிருந்து வேலை தானாகவே பிரிந்துகொண்டது. பள்ளி விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் பஞ்சுக்குச்சியோடு நின்று பூவுக்குப் பூ ஒற்றுவது நான். வெட்டுவது அக்கா. எனக்கு வெட்ட மனசு வராது. ஆசையாக வளர்த்ததை எப்படி வெட்டுவது என்று ஒவ்வொரு முறையும் புலம்புவேன். "இரக்கம் பார்த்தா இலைதான் மிஞ்சும் பிள்ளை. பழந்தண்டில காய் வராது, புதுசில மட்டும்தான் வரும்" என்று சொல்லிக்கொண்டே சரக் சரக்கென்று வெட்டிப்போடுவார். கண்மூடித்தனமாக வெட்டமாட்டார், சும்மா சொல்லக்கூடாது. ஒவ்வொரு கிளையிலும் நாலைந்து இலை விட்டுத்தான் வெட்டுவார். இலையே இல்லாத மொட்டைத் தண்டு வரை இறங்கிவிட்டால் கொடி மறுபடி எழாது என்பார். வருஷா வருஷம் சீனப் புத்தாண்டுக்கு முன்னால் அது நடக்கும். மாடி முழுக்கச் சீனக் குடும்பங்கள் வீட்டைக் கழுவி, தாழ்வாரத்தில் கிடந்த சாமான்களைக் கட்டித் தூக்கிப்போடும் நேரம் அது. நாங்களும் கொடியை ஒதுக்கிவிட்டால் நடக்க வழி கிடைக்கும். வெட்டி முடித்ததும் எனக்கு மனசு கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அக்காவுக்கு அது தெரியும். "உதெல்லாம் நான் குப்பையில போடுறன். நீர் போய்த் தேத்தண்ணி வையும்" என்பார். நான் தேத்தண்ணி வைத்துக்கொண்டு வரும்போது தாழ்வாரம் துடைத்துச் சுத்தமாக இருக்கும்.

பழக்கம் என்று சொன்னால் அது ரொம்பச் சின்ன வார்த்தை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா படுக்கையில் விழுந்தபோது பகலில் நான் வேலைக்குப் போகும் தைரியம் அக்காவால்தான் வந்தது. இரண்டு கதவும் திறந்தே கிடக்கும், அவர் அங்கேயும் இங்கேயுமாக நடப்பார். அம்மா இறந்த அன்று என் தம்பி தீவின் வடகோடி உட்லண்ட்ஸிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லா ஏற்பாட்டையும் அக்கா தொடங்கியிருந்தார். சிலுவை போட்ட கழுத்தோடு எங்கள் வீட்டு வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தார். சனிக்கிழமைகளில் சேர்ந்தே தேக்கா சந்தைக்குப் போவோம். அவர் மீன்காரரோடு மல்லுக்கு நிற்பார், நான் கீரை வாங்கி முடித்துக் காத்திருப்பேன். பழம் பழுத்துக் கீழே விழுந்தால் யார் கயிற்றில் பழுத்தது என்று யாரும் பார்த்ததில்லை. பாதியாக வெட்டி, சீனி போட்டு, இரண்டு கரண்டியோடு தாழ்வாரத்தில் நின்றே சாப்பிடுவோம்.

அப்புறம் எங்கள் புளோக்கை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாகச் செய்தி வந்தது. பக்கத்திலேயே எழும்பிக்கொண்டிருந்த புளோக்குகளில் எங்களுக்கு வீடு தருவார்கள். வேண்டாம் என்றால் பணமாக வாங்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். இரண்டு குடும்பம் சேர்ந்து பெயர் கொடுத்தால் பக்கத்துப் பக்கத்து வீடாக எடுக்கலாம் என்றும் சொன்னார்கள். அதைக் கேட்டதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேறென்ன வேணும் பிள்ளை? சாகுமட்டும் பக்கத்தில இருப்பம்." தம்பி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அக்கா, உட்லண்ட்ஸ் வந்துடுங்க லா. எங்க புளோக்லயே ஒரு வீடு சேலுக்கு வந்திருக்கு. வயசாகும்போது யாரு பாப்பா?" என்று அத்தனை தரம் சொன்னான். அவன் மனைவியும் நல்ல பெண், மனதாரக் கூப்பிட்டாள். "எனக்குப் பக்கத்து வீட்டு அக்கா இருக்காங்கடா" என்று அவன் வாயை அடைத்தேன். அந்த வீடு வேறு யாருக்கோ போய்விட்டது. மாதிரிப் படங்களை விரித்துவைத்து ஆறாவது மாடியில் ஒரு மூலையில் இரண்டு வீட்டைக் குறித்தோம். சாயங்கால வெயில் நேரே முகத்தில் அடிக்கும் பக்கம். எனக்கு அந்த வெயில் ஆகாது, தலைவலி வரும். கொடிக்கு வெயில் நல்லது என்று அக்கா சொன்னதால் சரி என்றேன்.

கடைசிக் கவாத்து அந்தச் சீனப் புத்தாண்டுக்கு முன்னால் நடந்தது. எப்போதும் தன் கொடியில் தொடங்குகிறவர் அன்று என் கொடியில் தொடங்கினார். மெதுவாக வெட்டினார். பென்சில் கனத்தில் முற்றிய தண்டுகளாகப் பார்த்து, கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டித் தனியாக வைத்தார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எதையும் நினைக்கவில்லை. அவர் வெட்டினால் எனக்கு வெட்டு, அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு நம்புவது என்பது அதுதான் போலிருக்கிறது. "நான் குப்பையில போடுறன், நீர் தேத்தண்ணி வையும்" என்றார். நானும் உள்ளே போனேன்.

வீடு தேர்ந்தெடுக்கும் நாள் ஜூன் விடுமுறையில் வந்தது. நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன், சிரிக்காதீர்கள். அக்கா மகனோடு நேராக வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். எங்கள் எண் திரையில் வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போதுதான் வந்தார். மகன் எனக்கு முகம் கொடுக்காமல் ஃபோனைப் பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, "பிள்ளை, நான் வீடு எடுக்கேல்லை. மகன் தனி வீடு வாங்கியிருக்கிறான், அங்க வரச் சொல்லுறான். போன கிழமைதான் முடிவெடுத்தம். உமக்கு மனவருத்தமா இருக்குமெண்டு சொல்லேல்லை" என்றார். முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. "அப்போ நான்?" என்றுதான் வாயில் வந்தது. அதற்குள் எண் வந்துவிட்டது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பொறுமையாக, "மேடம், வேற யூனிட் பாக்கறீங்களா?" என்று கேட்டாள். எனக்குத் திரையில் எதுவும் தெரியவில்லை. குறித்துவைத்த இரண்டில் இடப்பக்கத்து வீட்டைக் காட்டிவிட்டு வந்துவிட்டேன். வெயில் அடிக்கும் அந்த வீட்டை எனக்காக நான் எடுக்கவே இல்லை.

ஆனாலும் மன்னித்தேன். மகன் கூப்பிட்டால் எந்தத் தாய்தான் போகமாட்டாள்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போங்கள் அக்கா என்று நானே பெட்டி கட்டிக் கொடுத்திருப்பேன். போன வாரம் திடீரென்று முடிவானதை எப்படி முன்கூட்டியே சொல்வார் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். தம்பியிடம்கூட அவருக்காகப் பரிந்து பேசினேன். அடுத்த மாதமே ஒரு நாள் பள்ளி முடிந்து வந்தபோது அவர் கதவு பூட்டியிருந்தது. பச்சைக் கொடியைத் தொட்டியோடு லாரியில் ஏற்றியிருந்தார்கள். கம்பியில் அறுந்த சுருள்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. என் இரும்புக் கதவில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே இந்தக் கத்தரி. எனக்கு விட்டுப்போன சொத்து. நேரில் சொன்னால் இருவரும் அழுதுவிடுவோம் என்று நினைத்திருப்பார் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். என் கொடி அன்றைக்கும் பூத்திருந்தது. பழக்கதோஷத்தில் பஞ்சுக்குச்சியை எடுத்துக்கொண்டு போய் நின்றுவிட்டு, எதில் ஒற்றுவது என்று தெரியாமல் உள்ளே வந்துவிட்டேன்.

மறு வருஷம் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு அக்கா அழைத்தார். பலகாரம் செய்துகொண்டு போனேன். நல்ல வீடு, பின்பக்கம் கம்பி வேலியோடு ஒரு தோட்டம். கை கழுவப் பின்னால் போனவள் அங்கேயே நின்றுவிட்டேன். வேலி முழுக்கக் கொடித்தோடை. மஞ்சளும் பச்சையுமாகப் பழம் வரிசை வரிசையாகத் தொங்கியது. ஒரு பாதி பச்சைத் தண்டு. மறுபாதி செம்பழுப்பு நிறத் தண்டு, சுருள்நுனி வரை சிவப்பு. பெற்ற பிள்ளையை யாராவது அடையாளம் காட்ட வேண்டுமா? மருமகள் ஒன்றும் தெரியாத பெண், சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். "ஆன்ட்டி, இது உங்க செடிதானே? அம்மா சைனீஸ் நியூ இயர் டைம்லயே குச்சி குச்சியா கொண்டாந்து வச்சிட்டாங்க. அப்போ ரெனவேஷன்கூட முடியல. ரெண்டும் இருந்தாதான் பழம் வரும்னு சொன்னாங்க லா."

சீனப் புத்தாண்டு! நான் ஆறாவது மாடியைக் குறித்துக்கொண்டு, தம்பி வீட்டைத் தட்டிக்கழித்துவிட்டு, தேத்தண்ணி வைக்க உள்ளே போன அந்த நாள். போன வாரம் எடுத்த முடிவல்ல அது. மாதக்கணக்காகத் தெரிந்தே என்னோடு படங்களை விரித்துவைத்துப் பேசியிருக்கிறார். தான் போகிற இடத்தில் காய்ப்பதற்கு என் கொடியில் என்ன வேண்டுமோ அதை எடுத்துக்கொண்டார்; நான் தேவைப்படவில்லை. தன்னுடையதில் ஒரு குச்சி எனக்கு விட்டுப்போகத் தோன்றவில்லை. நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்வார்களே, அது இவ்வளவு அமைதியாக, பக்கத்தில் உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு நடக்கும் என்று எனக்குத் தெரியாது. சாப்பாட்டு மேசையில் அக்கா என் தட்டில் கறி அள்ளிவைத்தார். விருந்தாளிகளிடம், "இவ என்ட பக்கத்து வீட்டுப் பிள்ளை" என்று அறிமுகம் செய்தார். கிளம்பும்போது ஒரு பை நிறையப் பழம் கொடுத்தார். அவர் கண்ணை நேராகப் பார்த்தேன். அதில் ஒரு துளி சங்கடம் இருந்திருந்தால்கூட எனக்குப் போதும், அழுதுவிட்டு விட்டுவிட்டிருப்பேன். ஒன்றும் இல்லை. அவருக்கு அது தவறாகவே படவில்லை. பழத்தை வீட்டில் வைத்துச் சுருங்கவிட்டுத் தூக்கிப்போட்டேன். இதழ் இல்லாத அந்த இரண்டு பேரில் அக்கா யார் என்று அன்றைக்கு எனக்குள் கேட்டுக்கொண்டேன். எனக்கென்னவோ இரண்டு பேருமாகத் தோன்றியது. இவ்வளவு எழுதியும் அவரை 'அவர்' என்றுதான் எழுத வருகிறது பாருங்கள், மரியாதை மட்டும் கையோடு ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது.

இந்தப் புது வீட்டுக்கு வந்து சில வருஷம் ஆகிவிட்டது. வரும்போது என் கொடியில் ஒரு தண்டைக் கொண்டுவந்து ஊன்றினேன். மேற்கு வெயிலில் நன்றாக வளர்கிறது. எனக்குத்தான் சாயங்காலமானால் தலையிடி. அக்காவுக்கென்று குறித்த வீட்டில் ஓர் இளம் தம்பதி இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள், லிஃப்டில் பார்த்தால் வணக்கம் சொல்வார்கள், கதவு எப்போதும் சாத்தியிருக்கும். கொடி பூக்கும், உதிரும். இன்னொரு கொடி வாங்கி வைத்தால் காய்க்கும் என்று தம்பி சொல்கிறான். தெரியும். வாங்கவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, வீம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு மட்டும் பழகிக்கொண்டேன். அக்கா விட்டுப்போன கத்தரியில், அக்கா வெட்டுகிற மாதிரியே, நாலைந்து இலை விட்டு.

அங்கே நடந்ததைப் போன வாரச் சனிக்கிழமை ஃபோனில் அவரே சொன்னார். மகன் தோட்டத்துக்கு ஆள் வைத்திருக்கிறான். அந்த ஆள் செம்பழுப்புக் கொடியை அடித்தண்டு வரை வெட்டிவிட்டானாம், அது எழவே இல்லையாம். "இப்ப என்ட கொடி பூக்குது, பூக்குது, ஒண்டும் காய்க்குதில்லை பிள்ளை. பார்க்க வயிறு எரியுது" என்றார். எனக்கு வருஷக்கணக்காக எரிகிற வயிற்றைப் பற்றி அவர் கேட்கவில்லை. உம்முடையது காய்க்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு தண்டு கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று இந்த வாரம் முழுக்க என்னையே கேட்டுக்கொண்டேன். அம்மாவின் சாவு வீட்டில் அவர் தண்ணீர் கொடுத்துக்கொண்டு நின்றது கண்முன் வந்தது. நாலு நல்லதை மறந்துவிட்டு ஒரு கெட்டதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோமா என்று தோன்றியது. உடனே, "போன கிழமைதான் முடிவெடுத்தம்" என்ற குரலும் வந்தது. அதைக் கேட்டதும் சாந்தமாகிக்கொண்டிருந்த மனசு மறுபடி கொதித்தது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. சீனப் புத்தாண்டு நெருங்குகிறது, கவாத்துக்கு நேரம்தான். சாப்பாட்டு மேசையிலிருந்து கத்தரியை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனேன். எதிர்வீட்டுச் சீனப் பாட்டி கதவைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். நிதானமாக வெட்டினேன். பென்சில் கனத்தில் முற்றிய தண்டுகள், கணு கணுவாக, ஊன்றினால் உடனே வேர் விடும் தண்டுகள். எல்லாவற்றையும் தாளில் சுற்றி ஒரு பக்கமாக வைத்தேன். அடுப்பில் தேத்தண்ணி வைத்தேன். அது கொதிக்கும் வரை அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அடுப்பை அணைத்தேன். கட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைக் குழாயின் மூடியைத் திறந்து உள்ளே தள்ளினேன். ஆறு மாடி உரசிக்கொண்டு போய்க் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் ஃபோன் அடித்தது. "கீழ கார் பார்க்கில நிக்கிறம் பிள்ளை. முழங்கால் ஏலாது, நீர் கொண்டாறீரே? வெட்டினீரோ?"

"வெட்டிட்டேன்க்கா. எல்லாத்தையும் குப்பையில போட்டுட்டேன்."

ஏன் என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

"உங்க கத்தரி என்கிட்ட இருக்கு," என்றேன். "அத உங்ககிட்டயே குடுத்துடறேன், கீழ வரேன்."